ஐஸ் தொட்டியில் ஒரு ரப்பர் உடுப்பு

குளிர்ந்த கடலில் இறங்கப் போடும் ரப்பர் உடுப்பான வெட்சூட் இரண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய் இறங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றூரில் மயக்க மருந்து டாக்டராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த ஊரில் நமக்குத் தெரிந்த எதுவும் கிடைக்காது. காற்று மட்டும் வருஷம் முழுக்கக் கிடைக்கும். சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்று ஒரு கோடையில் விண்ட்சர்ஃபிங் பழகிக்கொண்டேன். காலுக்கடியில் ஒரு பலகை, அதில் செருகிய பாய்மரம், பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கம்பு. அவ்வளவுதான். அதில் சாய்ந்து நின்று முதன்முதலாக நூறு கஜம் ஓடிய அன்று, கரைக்கு வந்து தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் அதற்கு விலை கொடுத்தேன். கோடைக்கான மெல்லிய உடுப்போடு இறங்கியிருந்தேன். காற்று திசை மாறிக் கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. விழுந்தேன். எழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். நாலாவது தடவை பாய்மரத்தைத் தூக்கும் கயிற்றைப் பிடிக்கப் போனபோது விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கரை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். குளிர் உடம்பை என்ன செய்யும் என்று படித்தவள் நான். எனக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. நண்டுக்கூடு போடப் போன ஒரு படகுக்காரர் பார்த்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கடலில் இறங்கவில்லை. வீட்டுக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஆசை விடவில்லை. டிசம்பர் லீவுக்கு முந்தின வாரம், கடற்கரையில் சாமான் கடை வைத்திருந்த இயனிடம் போய் நின்றேன். குளிர்காலத்துக்கு இருப்பதிலேயே தடிமனான உடுப்பைக் கொடுங்கள் என்றேன்.

"தடிமனை விடு, முதலில் உடம்போடு ஒட்டுகிறதா என்று பார்" என்றார் இயன். "உள்ளே வந்த கொஞ்சம் தண்ணீர் அங்கேயே தங்கினால் உன் சூட்டில் அது வெந்நீராகிவிடும். வந்து வந்து போனால், நீ கடலைச் சூடாக்கும் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்."

என் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. அவர் கடையிலிருந்த பெண்கள் உடுப்பெல்லாம் தென்னைமரம் ஏறாமலே தேங்காய் பறிக்கிற பெண்களுக்குத் தைத்தவை. கடைசியில் இரண்டு தேறின. ஒன்று ஆண்களுக்கான சின்ன அளவு: ரப்பரின் தடிமன் மார்பில் ஐந்து மில்லிமீட்டர், கையில் மூன்று. தோள் சரி; ஆனால் இடுப்பும் கழுத்தும் லொடலொடவென்று இருந்தன, கால் தரையில் புரண்டது. இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. நீளம் சரி, கழுத்து சரி, தோளில்தான் இறுக்கம்.

"நீ ஊருக்குப் போகிறாய் அல்லவா? உங்கள் ஊர்த் தையல்காரர்களைப் பற்றி ஓயாமல் பெருமை பேசுவாயே" என்றார் இயன். "இரண்டையும் கொண்டு போ. வெட்டியது உனக்கு, வெட்டாதது எனக்கு."

ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொன்னார். ஊசி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வரக் கூடாது. வந்தால் ஒவ்வொரு துளையும் ஒரு குழாய்.

முதல் நாள்

மெட்ராஸிலிருந்து வந்த ரயில் திருநெல்வேலியில் என்னை இறக்கிவிட்டபோது காலை வெயில் ஸ்டேஷன் கூரையைத் தொட்டிருந்தது. டவுணில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது நாலு இடத்தில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு. ஸ்காட்லாந்தில் அந்த நேரத்துக்கு விடிந்தே இருக்காது.

வீட்டில் அம்மாவும் மதினியும்தான். அண்ணன் மதுரையில் வேலை; சனிக்கிழமைதான் வருவான். மதினி பெண்கள் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறாள். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் விடும்போதுகூடச் சொட்டுச் சொட்டாக அளந்துதான் விடுவாள்.

எட்டாவது இட்லியில் இருந்தேன். அம்மா என் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"ஏட்டி கோமு, என்னட்டி இது? கரடித் தோலு மாதிரி இருக்கு!"

"ஆஸ்பத்திரி உடுப்பும்மா."

"ஆஸ்பத்திரிக்கு வெள்ளைல்லா போடுவாவ?"

"அங்க குளிரும்மா."

அம்மா அந்த ரப்பரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மதினி என்னைப் பார்த்தாள். அன்று மத்தியானம் மாடியில் வற்றல் காயப் போடும்போது மதினியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். படகு உட்பட.

"அத்தைகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், ஆனா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றாள் மதினி.

இரண்டாம் நாள்

வண்ணார்பேட்டையில் ஒரு நல்ல தையல்காரர் இருக்கிறார் என்று போனோம். அவர் உடுப்பைப் புரட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு தையல் போட்டுப் பார்த்தார். மிஷின் ஊசி இரண்டாக முறிந்தது.

"இது துணியில்லம்மா, ஊத்தப்பம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "பேட்டையில மைதீன் பாய்னு பஸ்சுக்கு சீட்டு தைக்காவ. அவியளப் பாருங்க."

டவுண் பஸ்ஸில் நெரிசல். என் பையிலிருந்து வெட்சூட்டின் ஒரு கால் வழுகி வெளியே வந்து தொங்கியது எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யம்மா, பைக்குள்ள இருக்க ஆளுக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்திருங்க."

பஸ்ஸே சிரித்தது. லண்டன் பஸ்ஸில் ஒரு மனுஷனையே பையில் கொண்டு போனாலும் யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதீன் பாயின் பட்டறையில், உடம்பில்லாத பஸ் ஒன்று நிற்கிற மாதிரி சீட்டுகள் வரிசையாக இருந்தன. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உடுப்பைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஓரத்தைப் பிதுக்கிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இதப் போட்டுக்கிட்டு என்ன வேல செய்யுவிய? அதச் சொல்லுங்க முதல்ல. உக்காரக்கூடிய உடுப்புக்கு ஒரு வெட்டு, நிக்கக்கூடிய உடுப்புக்கு ஒரு வெட்டு."

சொன்னேன். பலகை, பாய்மரம், குளிர்ந்த கடல். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. பட்டறைக்குப் பின்னால்தான் அவர் வீடு. உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "ஆமினா, இந்தம்மாவ உள்ள கூட்டிட்டுப் போய் ரெண்டையும் போட்டுப் பாருளா" என்றார்.

வெட்சூட் போடுவது என்பது மாட்டுவது இல்லை, நுழைவது. ஆமினா அக்கா என் காலில் பவுடரைக் கொட்டித் தேய்த்து, மதினி ஒரு பக்கம் அவர் ஒரு பக்கமாக இழுத்து, மூன்று பேரும் வேர்த்து ஊற்றிய பிறகு பிள்ளைகள் உடுப்புக்குள் நான் இருந்தேன். மேலே அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது கச்சிதமாகத்தான் இருந்தது. வேலையே வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து மைதீன் பாய் குரல் கொடுத்தார். "அந்தக் கடல்ல எப்படி நிப்பியளோ அப்படி நில்லுங்க. அஞ்சு நிமிசம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து நின்றேன். மூன்றாவது நிமிஷத்தில் ஆமினா அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"ஏங்க, இந்தப் பிள்ளைக்கு விரலெல்லாம் வெளுத்துப்போச்சுங்க! தோளு பிடிச்சு ரத்தத்த விட மாட்டேங்கு."

நான் டாக்டர். என் விரல்தான். நான் அதைப் பார்க்கவில்லை. அக்டோபரில் என்னைக் கைவிட்டதும் அதே விரல்கள்தான். கண்ணாடியைப் பார்த்து மயங்கி, மறுபடியும் அதே இடத்துக்குப் போக இருந்தேன்.

"அப்பம் பெரிய உடுப்புதான்" என்று முடித்தார் மைதீன் பாய். "இருக்கதக் குறைக்கலாம். இல்லாத தோளுக்கு நான் எங்க போக?"

பெரியதைப் போட்டுக்கொண்டேன். ஆமினா அக்கா சுண்ணக் கட்டியால் இடுப்பிலும் முதுகிலும் கழுத்திலும் கோடு போட்டார். ஊசி துளைக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சொன்னதும் மைதீன் பாய் பிறை மாதிரி வளைந்த ஓர் ஊசியை எடுத்துக் காட்டினார். சீட்டு ஓரம் தைக்கிற ஊசி.

"இது பாதி வரைக்கும் போயிட்டு அதே பக்கம் திரும்பி வந்திரும். ரெண்டு ஓரத்தையும் முட்டு முட்டா ஒட்டிட்டு, மேல இந்தத் தையல். வேற ஒண்ணு கேக்கணும். ஊர்ல இன்னும் எத்தன நாள் இருப்பிய?"

"பன்னெண்டு நாள்."

"வீட்டுச் சாப்பாடுல்லா. ஒடம்பு போடும். ஒரு விரக்கட அகலம் விட்டே வெட்டுதேன்."

நாலாம் நாள்

உடுப்பு தயாரானது. காலில் வெட்டிய துண்டை வைத்து, முதுகு ஜிப்புக்கு உள்பக்கம் ஒரு மடிப்பும் வைத்திருந்தார் மைதீன் பாய். நான் கேட்காதது அது. ஜிப்பின் பல் வழியாகத்தான் தண்ணீர் முதலில் வரும் என்று அவரே யோசித்திருக்கிறார்.

காலையில் மதினியும் நானும் குறுக்குத்துறைக்குப் போனோம். மழைக்காலம் முடிந்து தாமிரபரணி நிறைந்து ஓடியது. பெண்கள் துறையில் ஏழெட்டுப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்பு உடுப்போடு நான் படியிறங்கியதும் பேச்சு நின்றது.

"ஏளா, இந்தப் பிள்ளைக்கு மேலுக்கு ஏதும் சீக்கா?" என்று ஓர் அம்மாள் மதினியிடம் பைய விசாரித்தார்.

"இல்ல ஆச்சி. குளிருக்கு."

"குளிரா?" அந்த அம்மாள் வானத்தைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உடுப்புக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன்.

ஆற்றில் மூழ்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த ரப்பர் என்னைத் தக்கை மாதிரி மேலே தூக்கிப் போட்டது. சுற்றியிருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. இரண்டு பேர் என் தோளை அமுக்கி உள்ளே தள்ளி உதவி செய்தார்கள். பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு இடுப்பில் சில்லென்று ஒரு கோடு. கை வைத்துப் பார்த்தால், ஒட்டு பிளந்து விரல் உள்ளே போனது.

பிளவைக் கையால் பொத்திக்கொண்டேன். அது தாமிரபரணிதான், இடுப்பளவு தண்ணீர்தான், பக்கத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். ஆனாலும் ஓர் ஐந்து விநாடி நான் வேறொரு தண்ணீரில் இருந்தேன். மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துப் படிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

பேட்டைக்கு நேரே போனோம். மைதீன் பாய் பிளந்த ஒட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "சைக்கிள் ட்யூபுக்குப் போடக்கூடிய சொல்யூசனப் போட்டேன். அது இளக்கமா இருக்கும்னு. தப்பு என்னுதுதான் டாக்டரம்மா."

மதினி ஒரு வெட்டுத் துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்த்தாள். "இது மரத்துப் பால்ல செஞ்ச ரப்பர் இல்ல பாய். ஆலையில செஞ்சது. இதே வகைப் பசையத்தான் இது பிடிக்கும். செருப்பு ஒட்டுவாவல்லா, மஞ்சப் பசை, அதான்."

"அது எங்கிட்டயே டப்பா டப்பாவா இருக்கே!" என்றார் மைதீன் பாய்.

பிறகு நடந்ததை நான் வேடிக்கைதான் பார்த்தேன். ஒரு கல்லூரி விரிவுரையாளரும் ஒரு சீட்டுத் தையல்காரரும் குனிந்துகொண்டு, இரண்டு ஓரத்திலும் பசை தடவி, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகே அமுக்க வேண்டும் என்பது பாய் கட்சி. இரண்டு பூச்சு வேண்டும் என்பது மதினி கட்சி. இரண்டும் நிறைவேறின. ஆமினா அக்கா எங்களுக்குக் கறிவேப்பிலை மணக்க மணக்க மோர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"உசுரு, ஹயாத்து விசயம்மா இது" என்றார் மைதீன் பாய், உடுப்பைத் தரும்போது. "நல்லா சோதிச்சுப் பாத்துட்டு எறங்குங்க. அவசரப்படாதிய."

ஏழாம் நாள்

இந்தச் சோதனை மதினியின் யோசனை. ஆற்றுத் தண்ணீர் குளிர் இல்லை. குளிர்ந்தால் ரப்பரும் பசையும் இறுகும். ஆகவே குளிரிலேயே பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் தண்ணீருக்கு ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. நான் உட்கார்ந்தால் கழுத்து வரை வரும்.

அம்மா நெல்லையப்பர் கோவிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, வண்ணார்பேட்டை பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மூன்று பார் ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். ஜங்ஷன் மேம்பாலத்தில் ஒரு லாரி நின்றுபோய், முக்கால் மணி நேரம் நகர முடியவில்லை. ஐஸ் உருகி என் கால், சீட்டு, ஆட்டோக்காரரின் முதுகு எல்லாம் ஈரம். அவர் திட்டவில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டவுணுக்குள் வந்ததும், "வழி விடுங்கய்யா, ஐஸு கொண்டு போறோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிச் சொல்லி ஓட்டினார். எல்லோரும் சட்டென்று ஒதுங்கினார்கள். வீட்டு வாசலில் அவரே பார்களை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, என்னிடம் பைய, "மனசத் தேத்திக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐஸ் உருகியதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

தொட்டியில் இரண்டு பாரை உடைத்துப் போட்டோம். மதினி கல்லூரியிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். இருபத்தாறிலிருந்து இறங்கிப் பன்னிரண்டில் வந்து நின்றது. மூன்றாவது பாரையும் போட்டாள். ஒன்பது. நான் இறங்கினேன்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூச்சு முட்டியது. பின்கழுத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் நுழைந்தது. காத்திருந்தேன். இரண்டாவது ஸ்பூன் வரவில்லை. முதுகில் கிடந்த தண்ணீர் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. "நாலு நிமிசம்" என்றாள் மதினி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "ஏழு நிமிசம். கைய மடக்கு. விரி. மடக்கு."

பதினோராவது நிமிஷத்தில் வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

நடந்தது இதுதான். வீட்டுக்கு ஐஸ் பார் போவதைப் பார்த்து, பிணம் வைக்கத்தான் என்று நினைத்த எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். உள்ளே அழுகைச் சத்தம் இல்லையே என்று அவர்களுக்குக் குழப்பம். ஆனாலும் கூப்பிட்டுக் கேட்கவா முடியும்? கோவிலிலிருந்து திரும்பிய அம்மா தெருமுனையிலேயே அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள். உள்ளே இருப்பது நானும் மதினியும்தான்.

நான் தொட்டியிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடினேன். கறுப்பு உடுப்போடு தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்ற என்னைப் பார்த்து ஹெட்மாஸ்டர் இரண்டு அடி பின்னால் போனார். அம்மா கோவில் கூடையைக் கீழே போட்டுவிட்டு, என் தோளில், முதுகில், கையில் மாறி மாறி அடித்தாள். ஐந்து மில்லிமீட்டர் ரப்பர். ஒரு அடியும் உறைக்கவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

"எங்கிட்டச் சொல்லாம என்னட்டி செய்யுதிய ரெண்டு பேரும்? உசுரே போயிட்டுட்டி எனக்கு!"

சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பலகை, காற்று, விரல் மடங்காதது, படகு. சொல்லி முடித்தபோது ஹெட்மாஸ்டர் தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா நேரே பின்புறம் போனாள். நாங்கள் பின்னால் போனோம். அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டாள். எடுக்கவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வலிப்பது முகத்தில் தெரிந்தது.

"இந்தக் குளிர்லயா கெடந்த?"

"கிட்டத்தட்ட இதே குளிருதாம்மா."

"இனிமே போகாதன்னு சொன்னா கேப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா" என்றேன்.

அம்மா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விரல்கள் சிவந்திருந்தன. மதினியைப் பார்த்து, "எத்தன நிமிசம் இருக்கணும் இவ?" என்றாள்.

"இருபத்தஞ்சு, அத்தை. பதினொண்ணுதான் ஆச்சு."

"அப்பம் மொதல்லருந்து எண்ணு. எறங்குட்டி."

இறங்கினேன். அம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஹெட்மாஸ்டர் தன் கைக்கடிகாரத்திலும் நேரம் பார்த்து, மதினியின் கடிகாரம் அரை நிமிஷம் முந்துகிறது என்று ஆட்சேபித்தார். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் எழுந்து பத்து விரல்களையும் மடக்கிக் காட்டினேன். யாரோ கை தட்டினார்கள். சாக்கில் மிஞ்சின ஐஸில் எல்லோருக்கும் சர்பத் போடலாமே என்று ஒருவர் சொல்ல, அது குடிக்கிற ஐஸ் இல்லை என்று மதினி தடுத்துவிட்டாள். எல்லோருக்கும் காப்பிதான் கிடைத்தது.

மறுநாளே மைதீன் பாயிடம் போய்ச் சொன்னோம். அவர் ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஆமினா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். திருவாதிரைக் களி, சொதி, இரண்டு பொட்டலம் அல்வா என்று மீதி நாட்கள் போயின. அவர் விட்டு வெட்டிய ஒரு விரற்கடையும் தேவைப்பட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரையில் இயன் நின்றுகொண்டிருந்தார். கடல் ஆறு டிகிரி. காற்று கரையோரமாக, பக்கவாட்டில் அடித்தது. அதைக் கால் மணி நேரம் நின்று உறுதி செய்துகொண்ட பிறகே இறங்கினேன். காலில் பூட்ஸ், கையில் கையுறை.

இருபது கஜத்தில் விழுந்தேன். தலை முழுக்க உள்ளே போய் வந்தது. பின்கழுத்தில் ஓர் ஊசிக் குத்து; அவ்வளவோடு நின்றது. பலகையில் ஏறி முழங்காலிட்டு, கயிற்றைப் பிடித்தேன். விரல்கள் மூடின. இழுத்தேன். பாய்மரம் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. காற்று பிடித்ததும் பின்னால் சாய்ந்தேன். பலகை ஓடத் தொடங்கியது.

தூரத்தில் மிதந்த சிவப்பு மிதவையைச் சுற்றிவிட்டு, யாரும் தூக்கிப் போடாமல், நானாகவே கரைக்கு வந்தேன். இயன் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றி நீட்டினார்.

"ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு, பலகையைத் திருப்பி மறுபடியும் தண்ணீருக்குள் தள்ளினேன்.